‘மெய்யழகன்’ பார்த்துவிட்டு ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு

சொத்துத் தகராறில் வீட்டை இழந்த ஒரு குடும்பம் 1996இல் தஞ்சாவூரைவிட்டுச் சென்னைக்குப் போகிறது. 22 வருடம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை நடுவயது மனிதராக, தங்கை முறையான ஒருத்தியின் கலியாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். அன்றிரவே திரும்பிவிடவேண்டும் என்ற முடிவோடுதான் வருகிறார். 2024 செப்டெம்பரில் வந்த சி. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ படத்தின் கதை ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் கொழும்பில் இருந்து பார்க்கிறவருக்கு அந்த 1996 என்ற எண்ணே போதும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிறகு வந்து நின்ற இடம் கொழும்பின் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்தான். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மலையகத் தோட்ட லயத்தைவிட்டு வந்து புறக்கோட்டைக் கடைகளில் வாழ்க்கையைத் தொடங்கியவர்களுக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே போகவேண்டும் என்று இருக்கும், போகப் பயமாகவும் இருக்கும்.

படம் பார்த்து அழுதுவிட்டு, அடுத்த கிழமையே பஸ்ஸுக்கு இடம் பதிகிறவர்கள் உண்டு. போங்கள். ஆனால் மனம் ஆறுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஓர் இரவுக்குள் படம் அதைச் சரியாகக் காட்டியிருக்கிறது, எந்த இடத்தில் பிழைக்கும் என்பதையும் சேர்த்தே.

முதலில் நேரம். கொழும்புக்காரரின் வழக்கம் ‘ஒரு பகல் பயணம்’. இரவு காலி வீதியில் பஸ் ஏறினால் ஏழு, எட்டு மணித்தியாலத்தில் விடியப்புறம் யாழ்ப்பாணம். குளித்து, கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ போய், இரவு திரும்பவும் பஸ். இப்படிப் பத்துத் தடவை போய்வந்தாலும் ஊர் திரும்பியதாக ஆகாது. படத்தில் நாயகனுக்குக் கடைசி பஸ் தவறுகிறது, அதற்குப் பிறகுதான் எல்லாமே நடக்கிறது. பஸ் தவறும் என்று நம்பிக்கொண்டு போக முடியாது என்பதால், தவறவிட்டதுபோல முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்: குறைந்தது இரண்டு இரவு. அதில் ஓர் இரவாவது ஹோட்டலில் தங்காமல், சொந்தக்காரர் ஒருவருடைய வீட்டில். ஹோட்டலில் தங்கினால் வசதிதான். ஆனால் உங்களை வரவேற்க நினைத்தவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி தருவதைத் தவிர வேறு இடமே கிடைக்காது. இரவுச் சாப்பாடு முடிந்து, விறாந்தையில் பாயை விரித்த பிறகு, ஒன்பது மணிக்குப் பிறகு தான் சனம் உண்மையாகக் கதைக்கத் தொடங்கும்.

அடுத்தது பெயர். படத்தின் முழுப் பாரமும் இதில்தான் நிற்கிறது. ஒருவர் ‘அத்தான் அத்தான்’ என்று உயிரைவிடுகிறார், நாயகனுக்கோ அவர் யார் என்றே தெரியாது. கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமல் தெரிந்த மாதிரி நடித்துவிடுகிறார். ஒரு மணித்தியாலம் போனதும் கேட்க வெட்கம். இரவானதும் அது குற்ற உணர்வு. விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுப் போகும் அளவுக்கு அது வளர்ந்துவிடுகிறது. அன்பு கூடக் கூட நடிப்பின் பாரமும் கூடுகிறது. இது எங்கள் வீட்டுக் கலியாணங்களில் அப்படியே நடக்கிற விஷயம்.

எங்கள் சனத்திடம் பெயர் மறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவருக்கு இரண்டு பெயர். பதிவில் ஒன்று, வீட்டுப்பெயர் வேறொன்று. சின்ன வயதில் ‘கண்ணன்’ என்று தெரிந்தவர் கலியாண அழைப்பில் வேறு பெயரோடு, தகப்பன் பெயர் முன்னெழுத்தோடு நிற்பார். இரண்டும் ஒரே ஆள் என்று மண்டையில் பொருந்தாது. ஆகவே வெளிக்கிடுவதற்கு இரண்டு கிழமை முதலே ஒரு பெரிய தாளை எடுத்து, வீட்டில் இருக்கும் மூத்தவரைப் பக்கத்தில் இருத்தி, மூன்று தலைமுறை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு விஷயம் வேண்டும்: பதிவுப் பெயர், வீட்டுப்பெயர், ஆருடைய பிள்ளை, எந்த ஒழுங்கை. வயதானவர்களிடம் காலையில் கேளுங்கள், பின்னேரம் களைத்துவிடுவார்கள். ‘பெரியப்பாவின் பிள்ளைகள் ஆர் ஆர்?’ என்று கேட்டால் இரண்டு பெயரோடு நின்றுவிடும். ‘சங்கக்கடையடியால் திரும்பினால் முதல் வீடு ஆருடையது? அடுத்தது?’ என்று ஒழுங்கையால் நடத்திக்கொண்டு போங்கள். கால் நடந்த பாதையில் பெயர்கள் தானாக வரும்.

அந்தத் தாளில் காலமானவர்களுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பத்து வருடம் முதல் தாயை இழந்தவரிடம் ‘அம்மா சுகமா இருக்கிறாவோ?’ என்று கேட்டால் அந்தப் பகலே போச்சு. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அந்தப் புள்ளியை வைக்காதீர்கள். அவர்களுக்கு வேறு அடையாளம் போடுங்கள். அந்தத் தாய்மாருக்கு முன்னால் ‘இருந்தார்’, ‘செத்த பிறகு’ என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. பிள்ளையின் பெயரைச் சொல்லலாம், அவர்கள் தொடங்கினால் கேட்டுக்கொண்டு இருக்கலாம். திருத்தவோ தேற்றவோ போகவேண்டாம்.

இவ்வளவு செய்தும் ஒரு முகத்துக்குப் பெயர் வராமல் போகும். அப்போது முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். ‘முகம் நல்லாத் தெரியுது, பேர்தான் பிடிபடேல்லை. நீங்கள் ஆற்றை பிள்ளை?’ இந்த மூன்றும் அந்த ஒழுங்கிலேயே வரவேண்டும். முகம் தெரிகிறது என்பது அவருக்கு ஆறுதல், பெயர் வரவில்லை என்பது உண்மை, ஆருடைய பிள்ளை என்ற கேள்வி அவரை உங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவருகிறது. ‘நீங்கள் ஆர்?’ என்று தனியாகக் கேட்டால் காவலரணில் கேட்ட மாதிரி இருக்கும். முகமும் தெரியவில்லை என்றால் தெரிகிறது என்று சொல்லாதீர்கள், ‘சின்னனிலை வெளிக்கிட்டனான், கனபேரைத் தெரியேல்லை’ என்பது போதும். பெயர் தெரியும்வரை ‘தம்பி’, ‘அண்ணா’, ‘மச்சான்’ என்று முறை சொல்லி ஒப்பேற்றலாம் என்று நினைப்போம். எங்கள் உறவுமுறைச் சொற்கள் அதற்கு நல்லாவே இடம் கொடுக்கும், ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது.

கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது: குரலைத் தாழ்த்துவது. 1983 ஆடிக் கலவரத்தைக் கண்டவர்களும், சோதனைச் சாவடிக் காலத்தில் பொலிஸ் பதிவோடு அறை எடுத்திருந்தவர்களும், 2007 ஜூன் 7ஆம் திகதி தமிழர்கள் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதை அறிந்தவர்களும் பஸ்ஸுக்குள் தமிழில் சத்தமாகக் கதைக்க யோசிப்பார்கள். பொட்டை அழித்துவிட்டு வேலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காவல் ஊர் எல்லையில் தானாக இறங்காது. ஊரில் நிற்கும்போதும் அளந்து கதைப்போம். அதை ‘கொழும்பு எடுப்பு’ என்று அங்கே தப்பாக விளங்கிக்கொள்வார்கள். இதற்கு ஒரே மருந்து, போன முதல் நாள் பேச்சை விட்டுவிட்டுக் கையால் ஏதாவது வேலை செய்வதுதான்.

அதனால்தான் கலியாணத்துக்குப் போகிறவர்கள் கலியாண நாளில் போய் இறங்காமல், அதற்கு முதல் சொந்தக்காரர் கூடிப் பலகாரம் சுடுகிற பலகாரச் சூட்டுக்குப் போவது நல்லது. மண்டபத்தில் தாலி கட்டு முடிந்ததும் படம் எடுக்க வரிசை, பிறகு சாப்பாட்டு வரிசை. அங்கே ஒருவரோடு மூன்று நிமிடம்கூடக் கதைக்க முடியாது. பலகாரச் சூடு வேறு. பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்துத் திரித்த பயற்றம் மா, பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, ஏலம், சீரகம் எல்லாம் ஒரு பெரிய தாச்சியில் கலந்திருக்கும். அதில் கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைப் பாகை ஊற்றுவார்கள். கை சுடும், ஆனாலும் சூட்டோடுதான் உருட்டவேண்டும். ஆறினால் உருண்டை பிடிக்காது, உதிர்ந்து கொட்டும். ஒருவர், இரண்டு பேரால் முடியாத வேலை. சுற்றிவர எட்டுப் பத்துப் பேர் இருந்து, உள்ளங்கையில் ஊதி ஊதி உருட்டவேண்டும். பிறகு அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, மஞ்சள் தூள் கொஞ்சம் போட்டு, உருண்டையைத் தோய்த்துப் பொரிப்பார்கள். மாக்கரைசல் தண்ணியானால் உருண்டை எண்ணெய்க்குள் வெடித்து எண்ணெய் முழுக்கக் கறுக்கும். தடித்தால் தோல் கல்லு மாதிரி வரும். அந்த வட்டத்தில் புதிதாக ஒருவர் போய் இருந்தால் ஆரும் ‘ஏன் இவ்வளவு நாளா வரேல்லை’ என்று கேட்கமாட்டார்கள், ‘கெதியாய் உருட்டு, ஆறுது’ என்பார்கள். இருபது வருட இடைவெளியைக் கடக்க இதைவிட நல்ல வாசல் இல்லை. ஆண்களுக்கும் இடம் உண்டு: தேங்காய் துருவ, அடுப்புப் பார்க்க, பந்தல் கட்ட. ‘இருங்கோ, நீங்கள் விருந்தாளி’ என்று கதிரையைக் காட்டினால் ஒருதரம் இருந்துவிட்டு எழும்பிப் போய்த் துருவலையை எடுங்கள்.

அன்பளிப்பைப் பற்றி ஒரு சொல். படத்தில் அந்தத் தங்கை, அண்ணன் கொண்டுவந்ததை மேடையிலேயே பிரித்து அணிந்துகொள்ளும் காட்சிதான் பலரையும் உடைத்தது. அங்கே விலை பெரிதில்லை, பார்த்துப் பார்த்து வாங்கி, கையில் கொண்டுவந்து கொடுத்ததுதான் பெரிது. என்வலப்பில் காசு வைப்பது எங்கள் வழக்கம், அதை வையுங்கள். அதோடு அவருக்கென்றே ஒரு பொருள், சின்னதாக, நீங்களே தெரிந்து வாங்கியது. கொடுக்கும்போது தனியாக இரண்டு நிமிடம் கிடைக்கிற நேரம் பாருங்கள். கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் அப்படி ஒரு நேரம் அநேகமாகக் கிடைக்கும்.

இனி வீடு. இங்கேதான் அதிகம் பேர் காயப்பட்டுத் திரும்புகிறார்கள். உங்கள் பழைய வீட்டில் இப்போது வேறு ஆரோ இருக்கிறார்கள் என்றால், படலையில் போய்த் திடீரென்று நிற்காதீர்கள். அயலில் இருக்கும் தெரிந்தவர் மூலம் ஒருநாள் முதலே சொல்லி அனுப்புங்கள்: ‘பார்த்திட்டுப் போகத்தான் வருகினம், வேறை ஒண்டுக்குமில்லை.’ நாலு பேருக்கு மேல் போகவேண்டாம். வான் பிடித்துக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் உள்ளே இருப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். அவர்களும் அநேகமாக எங்கேயோ இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான். போனைக் காற்சட்டைப் பைக்குள் வையுங்கள். வீடியோ எடுப்பதும், ‘இது எங்கடை குசினி, இது எங்கடை சாமி அறை’ என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவதும் இருப்பவரை ஒரே நொடியில் கள்ளராக்கிவிடும். பிள்ளைகளுக்கு அதையெல்லாம் வெளியே வந்து ஒழுங்கையில் நின்று சொல்லலாம். முதல் தடவை அரை மணித்தியாலம் போதும். கிணற்றடிக்குப் போக மனம் ஆசைப்படும், அனுமதி கேட்டுப் போங்கள். ஒரு வாளி அள்ளிக் கால் நனைத்தால் ஆரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

காணிக் கதையை அன்றைக்கு எடுக்கவே கூடாது. மனம் ஆறப் போவதையும் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டப் போவதையும் ஒரே பயணத்தில் கலந்தால் இரண்டும் கெடும். அதற்காகக் காணியை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இலங்கைச் சட்டப்படி ஒருவர் உரிமையாளருக்கு மாறாக, இடையூறின்றி 10 வருடம் காணியை ஆண்டால் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியும். ஆகவே சும்மா இருப்பதும் பாதுகாப்பில்லை. அதைத் தனிப் பயணமாக வைத்து, காணிப் பதிவகத்தில் பதிவைப் பார்த்து, நொத்தாரிசு ஒருவரோடு முதலில் கதைத்து, பிறகு இறங்குங்கள். ‘உங்களை ஆரும் எழுப்பமாட்டினம்’ என்ற மாதிரி வாக்குகளைக் கண்ணீரோடு கொடுத்துவிட்டு வரவும் கூடாது. சகோதரங்களுக்கும் அதில் பங்கு இருக்கும்.

வீடே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். வலிகாமம் வடக்கில் இராணுவம் விடுவித்த காணிகளில் பற்றைக்குள் நின்று ‘எது எங்கடை?’ என்று தேடும்போது சுவரை நம்பாதீர்கள், கிணற்றைத் தேடுங்கள். மூடப்பட்டிருந்தாலும் அந்த இடம் வட்டமாகக் கொஞ்சம் பதிந்து கிடக்கும். அடுத்தது எல்லைப் பனை, அடுத்தது கோயில் இருந்த திசை. நில அளவை வரைபடத்தின் பிரதி கையில் இருந்தால் நல்லது. கண்ணிவெடிக்கான சிவப்பு எச்சரிக்கைப் பலகை, நாடா கண்டால் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்குள் இறங்கவும் ஊர்க்காரரையோ கிராம சேவையாளரையோ கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.

படத்தில் வரும் சைக்கிளுக்கு வருவோம். நாயகன் குடும்பம் விட்டுவிட்டுப் போன சைக்கிள் இன்னொரு வீட்டின் வாழ்க்கையையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. போனவருக்கு அது நினைவிலேயே இல்லை, இருந்தவர் இருபது வருடமாக நன்றியோடு வைத்திருக்கிறார். பெற்றோல் இல்லாத பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளில் நோயாளியையும் நெல்லு மூட்டையையும் பெண் பிள்ளையையும் ஏற்றி ஓடிய யாழ்ப்பாணத்துக்கு அந்தச் சைக்கிள் என்ன என்று விளக்கவேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு கசப்பும் கலந்திருக்கிறது. சனம் வெளிக்கிட்ட பிறகு கதவு, யன்னல், நிலை, ஓடு, மோட்டு மரம் என்று கழற்றிக்கொண்டு போன வீடுகள் ஏராளம். உங்கள் வீட்டுக் கதவு அயல்வீட்டு அறைக்கு இருப்பதை நீங்கள் காணக்கூடும். கண்டும் காணாததுபோல் இருந்தால் அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அந்தக் கதவு இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும். மனம் உண்மையிலேயே இடம் கொடுத்தால் மட்டும், கதவைத் தொட்டு, ‘நல்ல முதிரை, பத்திரமா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இடம் கொடுக்கவில்லை என்றால் பேசாமல் வாருங்கள். படம் பார்த்த உணர்ச்சியில் வலிந்து மன்னித்தால் கொழும்பு வந்த பிறகு இரண்டு மடங்காகக் கோபம் வரும். அதேநேரம், ஆராவது உங்கள் படங்களையோ அம்மாவின் தையல் மெசினையோ காப்பாற்றி வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஓடுகிற நேரத்தில் அடுத்த வீட்டுக்காரரின் அல்பத்தையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். ஆரும் வந்து கேட்காததால் அப்படியே வைத்திருப்பார்கள்.

வரவேற்பவர்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது, ஏனென்றால் பாதி வேலை அவர்களுடையது. ‘அத்தான்’ என்று அழைக்கும், கார்த்தி நடித்த அந்தப் பாத்திரம் ‘ஏன் இத்தனை வருசம் வரவில்லை’ என்று வழக்கு வைப்பதில்லை. சாப்பாடு போடுகிறார், படுக்க இடம் கொடுக்கிறார், விருந்தாளி மறந்துபோன நல்ல விஷயங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வெளிநாட்டிலிருந்தோ வன்னியிலிருந்தோ வரும் சொந்தத்தை வெள்ளவத்தை பிளாட்டில் வரவேற்கும் எங்களுக்கும் அதுவே வழி. வந்தவுடன் சம்பளம், வீடு, பிள்ளையின் கலியாணம் மூன்றையும் கேட்காதீர்கள். குளிக்கத் தண்ணியும் துவாயும் கொடுத்து, சாப்பிட வைத்து, பிறகு சின்ன வயதுக் கதை ஒன்றை நீங்களே தொடங்குங்கள். உங்கள் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ‘என்னை ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்’ என்பது விளையாட்டாகத் தொடங்கி வந்தவரின் கழுத்தை நெரிக்கும். படம் முழுக்க ஓடுவது அந்த நெரிசல்தான்.

திரும்பி வந்தபின் முதல் சில நாள் உடம்பு களைக்கும், நித்திரை குழம்பும், காரணமில்லாமல் அழுகை வரும். இது வழமை. இரண்டு கிழமை தாண்டியும் நித்திரை இல்லை, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தனியாகத் தாங்கவேண்டாம். வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவர்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். பழைய வீட்டைப் பார்த்த பிறகு பேசாமல் ஒடுங்கிப்போகிறவர்கள் உண்டு. கேள்வி கேட்காமல் பக்கத்தில் இருந்து, அந்தப் பெரிய தாளை மறுபடி விரித்து வைத்தால் அவர்களே கை வைத்துத் தொடங்குவார்கள்.

சொல்லாமல் வெளிக்கிட்டுவிட்டீர்கள், பெயரும் கேட்கவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. படத்தின் நாயகனுக்கும், ‘தெரியாது’ என்ற உண்மையைச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் கிடைக்கிறது. ஒரு கிழமைக்குள் அழையுங்கள். வட்ஸப்பில் எழுதவேண்டாம், குரல் வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு, சாப்பாடு முடிந்த நேரம். ‘நல்லபடியா வந்து சேர்ந்திட்டம்’ என்று சொல்லி, அவர்கள் வீட்டில் சாப்பிட்ட ஒரு கறியைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து, பிறகு நேராக: ‘ஒரு விசயம் கேக்காமல் வந்திட்டன், குறை நினைக்காதையுங்கோ.’ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் வராது. அந்த இடைவெளியை நிரப்ப நீங்கள் கதைக்கவேண்டாம். அவர் சொன்ன பெயரை ஒருதரம் திருப்பிச் சொல்லுங்கள். போனை வைத்ததும் இலக்கத்தைச் சேமிக்கும்போது ‘யாழ் தம்பி’ என்று போடாமல், முழுப்பெயர், வீட்டுப்பெயர், ஆருடைய மகன், எந்த ஒழுங்கை என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.